சிற்றாற்றில் மாதிரி எடுக்கும் இடம் எது?

குற்றாலம் அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்தத் தடை உண்டு. தேவையான தடைதான். ஆனால் அருவியிலிருந்து இறங்கும் நீர் அங்கேயே நின்றுவிடுவதில்லை. சிற்றாறாகித் தென்காசியைக் கடந்து, அணைக்கட்டுகள் வழியே கால்வாய்களுக்கும் குளங்களுக்கும் பிரிந்து, எஞ்சியது சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. வழிநெடுக ஊர்க்கழிவையும் வயலின் உரத்தையும் அது வாங்கிக்கொள்கிறது. அந்நீரின் தரத்தை எந்த இடத்தில் அளப்பது என்பதை வேதியியல் மட்டும் முடிவு செய்வதில்லை.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டின்படி, கிருமிநீக்கம் மட்டும் செய்து குடிக்கத்தக்க நீரில், 100 மில்லிலிட்டருக்குக் கோலிஃபார்ம் எண்ணிக்கை 50-ஐத் தாண்டக்கூடாது. குளிப்பதற்கான நீருக்கு 500 வரை அனுமதி. ஓர் ஓடையைக் 'குளிக்கும் நீர்' என்று குறித்துவிட்டால், அதன் கரையில் ஊற்றுத் தோண்டிக் குடிப்பவர் கணக்கிலிருந்தே மறைந்துபோகிறார்.

கணக்கில் வராதவர்களுக்கு என்ன நேரும் என்பதை 2022 டிசம்பரில் வேங்கைவயலில் கண்டோம். குழந்தைகள் நோயுற்ற பிறகே மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரிந்தது. குழந்தைகளின் உடலே அங்கு ஆய்வுக்கூடமாயிற்று. 2025 ஜனவரியில் தாக்கலான குற்றப்பத்திரிகையோ அதே குடியிருப்பைச் சேர்ந்த தலித்துகள் மூவரைக் குற்றவாளிகளாகக் காட்டியது.

பட்டியல் சாதியினர் வழக்கமாகப் பயன்படுத்தும் நீர்நிலையைக் கெடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். 'முன்பு பயன்படுத்தத் தக்கதாக இருந்தது' என்று காட்டப் பழைய பதிவு இல்லையெனில் வழக்கு தள்ளாடும். ஜல் ஜீவன் திட்டம் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பயிற்சி தரச் சொல்கிறது. அந்த ஐவரில் காலனிப் பெண்கள் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். களப்பெட்டி முடிவு தனியே தீர்ப்பைப் பெற்றுத் தராது. வாரியத்தை முறைப்படி மாதிரி எடுக்க வைக்கும் நெம்புகோல் அது.

நீர்வடிப்பகுதித் திட்டங்களுக்கான 2008 பொது வழிகாட்டுதல், குழு உறுப்பினரில் பாதிப்பேர் சுயஉதவிக் குழுவினர், பயன்பாட்டாளர், பட்டியல் சாதி, பழங்குடியினர், பெண்கள், நிலமற்றோர் ஆகியோரின் பிரதிநிதிகளாக இருக்கவேண்டும் என்கிறது. தடுப்பணை எங்கே என்று பேசும் அக்குழு, மாதிரி எங்கே என்றும் பேச வேண்டும்.

சாரலில் ஆறு பெருகி ஓடும்போது எடுக்கும் ஒரே மாதிரி நல்ல செய்தியையே சொல்லும். நீர் மெலியும் கோடையிலும், காலனிக்குக் கீழேயும் எடுக்க வேண்டும். 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மகத் குளத்தில் நீர் அருந்தினார். அதற்கு இரண்டு நாள் தள்ளி வரும் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள், தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாள். மாதிரி எடுக்கும் இடங்களையும் மாதங்களையும் பெயர் சொல்லித் தீர்மானமாக்க அதுவே தக்க கூட்டம்.