பழுது முள்ளிலன்று, மீள்வழியில்

காவிரியின் கீழ்க்கரையில், ஈரோட்டுக்கு எதிரே, விசைத்தறியும் தாளாலையுமாக வாழும் ஊர் பள்ளிபாளையம். அங்கும், அதனையடுத்த திருச்செங்கோடு, சங்ககிரிப் பகுதிகளிலும், பழைய அம்பாசிடர் மகிழுந்தை விடாது வைத்திருப்போர் இன்றும் உளர். மேற்கு வங்கத்து உத்தரபாராவில் 1958 முதல் 2014 வரை செய்யப்பட்ட வண்டி அது; மோரிசு ஆக்சுபோர்டு எனும் ஆங்கில உந்தின் மூன்றாம் வரிசையை அச்சாகக் கொண்டு பிறந்தது. அதனைச் செய்வது நின்று பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று. ஆதலின், உறுப்பொன்று கெட்டால் கேட்டவுடன் கடையிற் கிடைப்பதில்லை.

உறுப்பின் அருமை இவ்வாறிருக்க, பட்டறைகள் பலவற்றில் நடப்பதென்ன? ஓட்டுநர்க்கு முன்னுள்ள அளவிப் பலகையில் ஒரு முள் அசையாவிட்டால், ‘மீட்டர் போயிற்று’ என்பதே தீர்ப்பு. நல்ல பலகையைக் கழற்றி எறிந்துவிட்டு, எங்கோ உடைத்த வண்டியின் பலகையைத் தேடிப் பிடித்துப் பொருத்துகின்றனர். பொருத்திய பின்னும் முள் அசைவதில்லை. பழுது முள்ளில் இருந்தாலன்றோ அசையும்!

இது பணவிழப்போடு நிற்பதன்று. வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலைக்கு நாமக்கல் மாவட்டத்துச் சமவெளியினின்று ஏறும் சாலையில் 70 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. பொறி முழங்க நெடுநேரம் ஏறும் அவ்வழியில் வெப்பமுள் உண்மை கூறாவிடில், குளிர்நீர் கொதித்து வற்றிப் பொறியின் தலைப்பகுதி கோணும்வரை ஓட்டுநர் ஒன்றும் அறியார். முள்ளை நம்பாமற் போன வண்டியில் ஏறும் குடும்பம், முள்ளே இல்லாத வண்டியில் ஏறும் குடும்பத்தினும் ஏதத்திற்கு உட்பட்டது. இல்லாததை எவரும் நம்பார். பொய்யாக இருப்பதை நம்பிவிடுவர்.

அளவிப் பலகையின் உள்ளமைப்பு அத்துணை மறைபொருளன்று. பெட்ரோலாகிய கன்னெய்யின் அளவைக் காட்டும் முள்ளும், பொறியின் சூட்டைக் காட்டும் முள்ளும் இவ்வகைப் பழைய உந்துகள் பலவற்றில் வெப்பத்தால் நகர்பவை. முள்ளின் பின்னே, வெவ்வேறு அளவில் விரியும் இரு மாழைகளை ஒட்டிய ஒரு தகடு உண்டு. அதன்மேல் மெல்லிய கம்பிச் சுற்று. மின்னோட்டம் மிகுந்தால் தகடு சூடேறி வளையும். வளைய வளைய முள் ஏறும். பொறி நிற்கும்போது 12 வோல்ட்டாக உள்ள மின்னழுத்தம், ஓடும்போது 14 வரை உயர்வதால், முள் தடுமாறாதிருக்க நடுவே ஒரு சிறு சீராக்கியை வைத்தனர். அதற்குள்ளும் அத்தகைய தகடே. அது சூடேறியதும் தொடுப்பை விடும். ஆறியதும் மீண்டும் தொடும். தொட்டும் விட்டும் ஏறத்தாழ 10 வோல்ட்டுக்கு ஈடான அளவை இரு முட்களுக்கும் வழங்கும். முள் மெல்ல அசையும் இயல்பினதாகலின் இத்துடிப்பு கண்ணுக்குப் புலப்படாது.

இதனை அறிந்தார்க்குப் பாதி வேலை முடிந்தது. இரு முட்களும் ஒருங்கே படுத்துவிட்டால், இரண்டு அளவிகளும் ஒரே நாளிற் கெட்டன என்றெண்ணுவது பேதைமை. இரண்டுக்கும் பொதுவாய் நிற்பவை சீராக்கியும் அதற்கு முன்னுள்ள உருகியுமே. அவற்றையே முதலிற் பார்த்தல் வேண்டும். இரு முட்களும் ஒருங்கே உச்சிக்கு ஓடினால், சீராக்கியின் தொடுப்பு ஒட்டிக்கொண்டிருக்கலாம். அன்றேல், அதன் உடல் வண்டியின் உடலோடு கொண்ட இணைப்பு அற்றிருக்கலாம். அவ்விணைப்பு அற்றால் தகடு சூடேறாது, தொடுப்பு விடாது, முழு அழுத்தமும் முட்களின்மேற் பாயும். ஒரு முள் மட்டும் தவறினால் சீராக்கியின்மேற் பழியில்லை.

இவ்வுடலிணைப்பைப் பட்டறையார் ‘எர்த்து’ என்பர். அகரமுதலியைப் புரட்டி ‘நிலத்தொடர்பு’ எனப் பெயர் சூட்டினாரும் உளர். இரப்பர் உருளைகளின்மேல் நிற்கும் உந்துக்கு நிலத்தோடு என்ன மின்தொடர்பு? ஆங்கிலத்தின் பொருந்தாப் பெயரைத் தமிழில் பொருந்தாமல் பெயர்த்ததே அது. மின்கலத்தின் ஒரு முனையிற் புறப்படும் மின்னோட்டம் விளக்கையும் முள்ளையும் கடந்து, வண்டியின் இரும்புடல் வழியாக மறுமுனைக்கு மீள்கின்றது. ஆதலின் அதற்கு மீள்வழி என்பதே தகும். ‘நிலம்’ என்று கேட்ட பயிலுநன் ஒன்றும் உணரான்; ‘மீள்வழி’ என்று கேட்டவனோ, எவ்வழி மீள்கிறது, எங்கே அடைபட்டது என்று உடனே வினவுவான். பலகையைப் பற்றிய திருகின்கீழ்த் துரு, பின்னாளிற் பூசிய வண்ணம், தளர்ந்த மரை, இவையே பெரும்பாலும் அடைப்பு. முகப்பு விளக்கை ஏற்றியதும் கன்னெய் முள் இடம் பெயர்ந்தால், அல்லது திரும்பு விளக்கு மின்னுந்தொறும் முட்கள் துடித்தால், மீள்வழியை ஐயுறுக. தனிக்கம்பி ஒன்றைப் பலகையின் உடலிலிருந்து மின்கலத்தின் உடல்சேர்ந்த முனைக்கு இழுத்துத் தொட்டுப் பார்த்தால் முள் நிலைகொள்ளும். பின்பு உப்புத்தாள் கொண்டு துருவைத் தேய்த்துத் திருகை முடுக்குவதே மருத்துவம். இதற்கு எத்துணைச் செலவாகும்?

ஒரு முள் மட்டும் அசையாவிடத்து, அதற்குச் செய்தி அனுப்பும் உணரியைப் பார்த்தல் வேண்டும். வெப்ப உணரியின் கம்பியைக் கழற்றி, நொடிப்பொழுது பொறியின் உடலிற் தொட்டால் முள் மேலேறத் தொடங்கும், கழற்றினால் இறங்கும். அவ்வாறாயின் முள்ளும் கம்பியும் நலமே, உணரியே கெட்டது. கன்னெய்த் தொட்டியின் உணரிக்கும் இதுவே ஆய்வு. ஆயினும் ஆங்குப் பொறி பறந்தால் உயிர்க்கு இடர் என்பதால், தொட்டிவாயின் அருகே அதனைச் செய்தல் ஆகாது. மிதவையின் கை ஒட்டிக்கொள்வதும், மின்தடைக் கம்பி தேய்வதும் அங்கு நிகழ்வன. இன்னும் பழைய, காந்தத்தால் இழுக்கப்படும் முள்ளாயின் குறிகள் தலைகீழாகும்: கம்பி கழன்றால் நிறைவு காட்டும். எனவே எவ்வகை முள் என்பதைத் தெளிந்த பின்னரே தொடுக.

விரைவளவியின் வழி வேறு; அதற்கும் மின்னுக்கும் தொடர்பில்லை. பல்லிணைப் பெட்டியிலிருந்து முறுக்குக் கம்பி ஒன்று சுழன்று வந்து பலகையிலுள்ள காந்தத்தைச் சுழற்றுகிறது. அக்காந்தம் தன்னைத் தொடாத அலுமினியக் கிண்ணத்தை ஈர்த்துத் திருப்ப, மெல்லிய சுருள்வில் எதிர்த்து நிற்கிறது. முள்ளும் தொலைவெண்ணும் ஒருங்கே நின்றால் கம்பி அறுந்தது. எண் ஓடி முள் மட்டும் நின்றால் பழுது அளவிக்குள். முள் தள்ளாடினால் கம்பி உலர்ந்தோ மடங்கியோ இருக்கும். நெய்ப்பசை இடுங்கால் மேல்முனையை விட்டுவிடுக. அங்கிட்டால் பசை ஏறி நல்ல அளவியையும் கெடுக்கும்.

எண்ணெய் அழுத்தம் குறையின் எரியும் செவ்விளக்கைப் பற்றி ஒரு சொல். பொறியை ஓட்டுமுன் திறவுகோலைத் திருப்பிய அளவில் அது எரிதல் வேண்டும். எரியாத விளக்கை நலத்தின் அறிகுறி எனக் கொள்வோர் பலர். குமிழ் உருகிப்போனாலும் அது எரியாதன்றோ?

பலகையை மாற்றினால் ஒரு மணி நேரத்தில் முடியும், ஆய்ந்தால் அரைநாள் போகும் என்பது பட்டறையார் விடை. அதில் உண்மையில்லாமலில்லை, வண்டிக்குரியவரும் ஆய்வுக்குக் கூலி தர மனமின்றி உறுப்புக்கே விலை தருகின்றனர். எனினும் உருகி, சீராக்கி, மீள்வழி, உணரி எனும் வரிசை அறிந்த கைக்கு அரைநாள் வேண்டா. அவ்வரிசை எழுதப்பட்ட கையேடுகளோ ஆங்கிலத்தில் உள்ளன. அறிந்த முதுவினைஞர்களோ வாய்மொழியாகவே விட்டுச் செல்கின்றனர். ஆழ்துளைப் பொறிவண்டிகளை நாடெங்கும் அனுப்பும் திருச்செங்கோட்டுக்கு அருகிலேயே இந்நிலை.

சொல்லாக்கும் தமிழன்பர்க்கும் இதிற் பங்குண்டு. மேசைமேற் பிறந்து மேசைமேல் மடிந்த சொற்பட்டியல்கள் எத்துணை! பட்டறையில் ‘முள்’ என்ற சொல் எவரும் கற்பியாமலே வாழ்கிறது, ‘உப்புத்தாள்’ வாழ்கிறது. மீள்வழி வாழுமா என்பதைப் பலகையின்கீழ்க் கம்பியுந் திருகுமாய்க் குனிந்திருக்கும் இளைஞனிடம் சொல்லிப் பார்த்தே அறிதல் வேண்டும். சீராக்கிக்கு அவன் இதனினும் எளிய பெயர் வைத்திருப்பின், அதனையே கையேட்டில் ஏற்றுக.