ஆறு மணிக்கு அணையாத கேமரா

கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையில் சூரியன் மறைவது ஏறக்குறைய ஐந்தே முக்காலுக்கு. ஆறு மணிக்கு 2,668 அடி உயர மலையின் உச்சியில் மகா தீபம். அதே நேரத்தில் கோயிலுக்குள் அர்த்தநாரீசுவரர் கொடிமரத்தருகே எழுந்தருளி, சில நிமிடங்களில் உள்ளே திரும்பிவிடுவார். ஆண்டு முழுவதிலும் அவர் வெளியே வருவது அந்த ஒரு முறைதான். மொட்டை மாடியில் ட்ரைபாடோடு நிற்பவருக்கும் சரி, அனுமதி பெற்று உள்ளே நேரலைக்கு நிற்பவருக்கும் சரி, ஐந்தரையிலிருந்து ஆறே கால்வரை கேமரா நிற்கவே கூடாது. அந்த முக்கால் மணி நேரத்தில் வானம் பகல் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு இறங்கிவிடும். அங்கே யாரிடமும் 'ஒன் மோர்' கேட்க முடியாது.

முகூர்த்தமும் அப்படித்தான். தேர் நிலையை விட்டு அசைவதும், கும்பாபிஷேகத்தில் கலசத்தின் மேல் நீர் விழுவதும் அப்படித்தான். நம் தொழிலில் பெரும்பகுதி, திரும்ப நடக்காதவற்றைப் பதிவுசெய்வது. ஆகவே போட்டோவுக்கும் வீடியோவுக்கும் சேர்த்து ஒரே மிரர்லெஸ் கேமரா வாங்க நினைப்பவர்களுக்கு என் கருத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். 8கே என்ற எழுத்தையும் மெகாபிக்சல் எண்ணையும் கடைசியாகப் பாருங்கள். நம் ஊர் வெயிலில், நம் ஊர் மின்விளக்கில், நாம் எடுக்கும் ஃபார்மட்டில் இந்தப் பாடி எவ்வளவு நேரம் நிற்காமல் ஓடும் என்பதை முதலில் கேளுங்கள். 2020க்குப் பிறகு வந்த நல்ல கேமரா எதுவும் படத் தரத்தில் உங்களை ஏமாற்றாது. ஏமாற்றுவது வேறு இடங்களில்.

ஏன் என்பதற்கு இந்தக் கருவியின் பிறப்பைப் பார்க்க வேண்டும். 1950 ஏப்ரல் 14 இரவு 8.47க்கு ரமண மகரிஷி மகாசமாதி அடைந்தபோது, ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் இதே ஊரில்தான் இருந்தார். ரமணரின் இறுதி நாட்களை அவர் படமெடுத்தார். அவர் பெயரோடு சேர்ந்தே பேசப்படும் லைக்கா, கைக்கு அடக்கமான சிறிய பெட்டி. நொடியில் சிறு பங்கு நேரம் திறந்து மூடினால் அதன் வேலை முடிந்தது. இன்றைய ஹைப்ரிட் கேமராக்கள் அந்த வம்சத்தில் வந்தவை. அதே அளவுப் பெட்டிக்குள், நொடிக்கு 25 முறை அல்லது 50 முறை சென்சாரைப் படித்துக்கொண்டே இருக்கும் வேலையைத் திணித்திருக்கிறார்கள். ஐந்து அச்சு ஸ்டெபிலைசேஷனுக்காகச் சென்சார் அந்தரத்தில் மிதக்கிறது. அதன் சூடு பாடியின் உலோகத்துக்கு எளிதில் இறங்காது. மழையும் தூசும் புகாமல் சீல் செய்த பெட்டி வேறு. சூடு எங்கே போகும்?

2008இல் நிக்கான் டி90 முதன்முதலில் டிஎஸ்எல்ஆரில் வீடியோவைக் கொண்டுவந்தது. சில வாரங்களில் கேனான் 5டி மார்க் 2 அறிவிக்கப்பட்டு, முழு ஃப்ரேம் சென்சாரில் 1080பி தந்தது. 2012இல் பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9' படத்தை விஜய் மில்டன் ஸ்டில் கேமராவிலேயே ஒளிப்பதிவு செய்தார். நம் கல்யாண மண்டபங்களுக்கும் அந்த அலை வந்தது. சினிமாவுக்கு ஷாட் என்பது சில நொடி, சில நிமிடம். நமக்கு மாலை மாற்றுவதிலிருந்து அம்மி மிதிப்பதுவரை ஒரே ஷாட். 5டி மார்க் 2 கோப்பு 4 ஜிபி ஆனதும், சுமார் 12 நிமிடத்தில், தானே நின்றுவிடும். பிறகு வந்த பல கேமராக்களில் 29 நிமிடம் 59 நொடி என்ற வரம்பு இருந்தது. அரை மணிக்கு மேல் பதிவுசெய்யும் கருவியை வீடியோ கேமராவாகக் கருதி ஐரோப்பிய ஒன்றியம் கூடுதல் சுங்கவரி போட்டதால் வந்த வரம்பு அது. இன்று விற்கும் பல பாடிகளில் அது இல்லை. ஆனால் பழைய பாடியைச் செகண்ட்ஹேண்டில் வாங்குபவர் இந்த ஒரு விஷயத்தை ஓடவிட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

சூட்டுக்கு வருவோம். 2020 ஜூலையில் கேனான் ஆர்5 வந்தபோது, 8கே தொடர்ந்து 20 நிமிடம் ஓடும் என்று நிறுவனமே சொன்னது. அந்த 20 நிமிடமும் 23 டிகிரி வெப்பநிலையில் கணக்கிட்டது. மார்கழி விடியலைத் தவிர திருவண்ணாமலையில் 23 டிகிரி எப்போது இருக்கிறது? அக்னி நட்சத்திர நாட்களில் இங்கே நிழலிலேயே 40ஐத் தாண்டுகிறது. பெரும்பாலான கேமராக் கையேடுகளின் கடைசிப் பக்கங்களில் இயங்கு வெப்பநிலை 0 முதல் 40 டிகிரி என்று போட்டிருக்கும். சித்திரை, வைகாசி முகூர்த்தத்தில், ஷாமியானா துணிக்கடியில், முகத்துக்கு நேரே எல்இடி பேனல் அடிக்க நாம் கேட்கும் வேலை, தயாரித்தவரே உறுதி கொடுக்காத வேலை.

அதனால்தான் உள்ளே ஃபேன் வைத்த பாடிகளை நான் முதலில் நிறுத்துகிறேன். பானசோனிக் எஸ்1எச் 2019இல் இதைச் செய்தது. பிறகு சோனி எஃப்எக்ஸ்3 (2021), கேனான் ஆர்5 சி (2022), பானசோனிக் எஸ்5 மார்க் 2 (2023) வந்தன. ஃபேன் இல்லாமலும் நீண்ட நேரம் தாங்கும் சோனி ஏ7எஸ் 3இன் ரகசியம் அதன் 12 மெகாபிக்சல் சென்சார். 4கே படத்துக்கு வேண்டியது 83 லட்சம் பிக்சல்தான். 33 மெகாபிக்சல் ஏ7 4, அத்தனையையும் படித்து 4கேயாகச் சுருக்குகிறது. படம் கூர்மையாக வருகிறது, உண்மைதான். ஆனால் படிக்க நேரமாகிறது, சூடேறுகிறது, 50 ஃப்ரேம் கேட்டால் சூப்பர் 35 அளவுக்குக் க்ராப் ஆகிவிடுகிறது. மணவறைக்கு முன்னால் நகர இடமில்லாமல் நிற்பவருக்கு 35 எம்எம் லென்ஸ் 50 எம்எம்போல ஆவது பெரிய தொந்தரவு. அதே க்ராப், கிரிவலப் பாதையிலிருந்து மலை உச்சியைப் பிடிப்பவருக்கு வரம். 400 எம்எம் லென்ஸ் அவருக்கு 600 ஆகிறது. எதை எடுக்கப்போகிறோம் என்று தெரியாமல் கேமராவைப் பற்றிப் பேச முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சோனி வைத்திருப்பவர்கள் மெனுவில் தானாக அணையும் வெப்பநிலையை 'ஹை' என்று மாற்றிவைக்க வேண்டும். ஸ்கிரீனைப் பாடியை ஒட்டி மூடிவைக்காமல் வெளியே திருப்பிவைத்தால் பின்பக்கச் சூடு இறங்கும். வெள்ளைக் குடை ஒன்று எந்த ஃபர்ம்வேர் அப்டேட்டையும்விட உதவும்.

அடுத்தது விளக்கு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ட்யூப்லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். யூட்யூப்பில் அந்த ஊர்க்காரர் சொன்னாரென்று 24 ஃப்ரேம், 60இல் ஒரு பங்கு ஷட்டர் வைத்து எடுத்துக்கொண்டு வருகிறார்கள். மண்டபச் சுவரில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஊர்கின்றன. எடிட்டிங்கில் அதைச் சுத்தமாக எடுக்க வழியில்லை. கேமராவை வாங்கிய அன்றே பி.ஏ.எல். முறைக்கு மாற்றி, 25 ஃப்ரேம், 50இல் ஒரு பங்கு ஷட்டர் என்று வைத்துவிடுங்கள். ஸ்லோமோஷனுக்கு 120ஐ விட்டு 100 ஃப்ரேமில், 100இல் ஒரு பங்கு ஷட்டரில் எடுங்கள். சீரியல் செட்டும் எல்இடி சுவரும் வேறு வகை. 217 அடி ராஜகோபுரம் தீபத் திருவிழாவில் விளக்குகளால் மின்னும்போது, மலிவான டிரைவரில் ஓடும் எல்இடிகள் மின்வாரியத்தின் 50ஐ மதிப்பதில்லை. அவை தங்கள் வேகத்தில் அணைந்து எரிகின்றன. ஷட்டரை மிகச் சிறு படிகளில் நகர்த்த விடும் பாடியில் இந்தப் பட்டைகளைப் பெரும்பாலும் நிறுத்திவிடலாம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வராத வசதி இது. நமக்கு 8கேயைவிடப் பல மடங்கு பயன்படும்.

பட்டை என்றதும் ஃப்ளாஷைச் சொல்லாமல் இருக்க முடியாது. தாலி கட்டும் கணத்தில் போட்டோகிராபர்கள் ஒருவர் பின் ஒருவராக ஃப்ளாஷ் அடிக்கிறார்கள். சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கப்படுவதால், ஃப்ளாஷ் மின்னிய நொடித்துளியில் திறந்திருந்த வரிகள் மட்டும் வெளுத்துவிடும். மாப்பிள்ளையின் முகம் சரியாக இருக்கும். பெண்ணின் கழுத்துக்குக் கீழே எல்லாம் வெள்ளை. அந்தக் குடும்பம் ஆயுள் முழுக்கத் திரும்பத் திரும்பப் பார்க்கப்போகும் ஃப்ரேம் அது. 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 3, எல்லா வரிகளையும் ஒரே கணத்தில் படிக்கும் குளோபல் ஷட்டர் கொண்ட முதல் முழு ஃப்ரேம் கேமரா. இந்தப் பாதி வெள்ளை அதில் வராது. விலை பலருக்கு எட்டாது, இருட்டிலும் அது கொஞ்சம் பின்தங்கும். 2024இல் வந்த நிக்கான் இசட்6 3 போன்ற வேகமான சென்சார்கள் பட்டையைக் குறைக்கின்றன, ஒழிப்பதில்லை. கையிலிருக்கும் கேமராவோடு செய்ய முடிந்தது, முகூர்த்தத்துக்கு முன்பே போட்டோகிராபரிடம் பேசி, அந்த ஐந்து நிமிடம் இருவருக்கும் பொதுவாக எல்இடி வெளிச்சத்தை ஏற்றிவைப்பது. தொழிலில் இந்தப் பேச்சு பழக்கமாக வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

10 பிட்டா 8 பிட்டா என்ற கேள்விக்குத் தீபமே பதில். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 10 பிட்டில் 1,024. லாக்கில் எடுத்த அந்தி வானத்தைக் கிரேடிங்கில் இழுக்கும்போது, மலை விளிம்புக்கு மேலே நீலம் ஆரஞ்சில் கரையும் இடத்தில் 8 பிட் கோப்பு படிக்கட்டாக உடைந்து தெரியும். ஆகவே 10 பிட் வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் ஆல்-ஐயில் எடுக்க வேண்டியதில்லை. சோனியில் 4கே 25 ஃப்ரேம் ஆல்-ஐ 250 எம்பிபிஎஸ். ஒரு மணிக்கு ஏறக்குறைய 112 ஜிபி. லாங் ஜிஓபியில் 140 எம்பிபிஎஸ், 63 ஜிபி. முகூர்த்தம், ரிசப்ஷன் என்று இரண்டு நாள் ஓடும் கல்யாணத்துக்கு இரண்டாவதே போதும். மிச்சமாகும் பணத்தில் இரண்டாவது கார்டு வாங்கி, இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கார்டில் மட்டும் வீடியோ எழுதும் பாடியை, எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கல்யாணத்துக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஒலியில் நம் ஊர்ச் சிக்கல் தனி. ஐயர் மந்திரம் மெல்லிய குரலில் போய்க்கொண்டிருக்கும். "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்ற அடுத்த நொடியில் தவிலும் நாதஸ்வரமும் உச்சத்தில் வெடிக்கும். மந்திரத்துக்கு லெவல் வைத்தால் மேளம் உடைகிறது, மேளத்துக்கு வைத்தால் மந்திரம் கேட்கவில்லை. ஆட்டோ லெவலோ மேளம் முடிந்தபின் சில நொடி எல்லாவற்றையும் அமுக்கிவிடுகிறது. 32 பிட் ஃப்ளோட் முறையில் இந்த இரண்டையும் ஒரே பதிவில் பிறகு மீட்டெடுக்கலாம். 2024இல் வந்த பானசோனிக் ஜிஎச்7, தனி எக்ஸ்எல்ஆர் அடாப்டரோடு இதைப் பாடியிலேயே செய்கிறது. மற்றவர்கள் 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் ஒன்றை நாதஸ்வர மேடையருகே வைத்துவிட்டு எடிட்டிங்கில் ஒலியை இணைக்கலாம். அதுவும் இல்லையென்றால், இரண்டாவது சேனலைப் பத்து, பன்னிரண்டு டெசிபல் இறக்கிவையுங்கள்.

நேரலை செய்பவர்கள் ஹெச்டிஎம்ஐ துளையைப் பார்க்க வேண்டும். மைக்ரோ ஹெச்டிஎம்ஐ கூட்டத்தில் ஒரு முழங்கை பட்டால் கழன்றுவிடும், துளையே ஆடிப்போவதும் உண்டு. ஏ7எஸ் 3, எஃப்எக்ஸ்3, எஸ்5 மார்க் 2 ஆகியவற்றில் முழு அளவு ஹெச்டிஎம்ஐ இருக்கிறது. ஆர்5 சி ஃபேனோடு வந்தும் இந்த இடத்தில் மைக்ரோவோடு நின்றுவிட்டது எனக்கு வருத்தம்.

பழைய தோள்பட்டைக்காரர்கள் ஒன்று சொல்வார்கள்: இவ்வளவு தொல்லைக்கு ஒரு கேம்கார்டரே போதாதா? மாட வீதியில் தேரோடு நடப்பவருக்குப் பவர் ஜூம், எக்ஸ்எல்ஆர், பல மணி நேரம் தாங்கும் பேட்டரி எல்லாம் அதில்தான் ஒரே கையில் கிடைக்கின்றன. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சோனி என்எக்ஸ்100 போன்றது வீட்டில் இருந்தால், அது ஹெச்டி மட்டும்தான் என்பதற்காக அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடாதீர்கள். அகலக் கோணத்தில் ஓரமாக நிறுத்தி, தொடக்கம் முதல் முடிவுவரை ஓடவிடுங்கள். புது மிரர்லெஸ் எப்போதாவது நின்றால், நிகழ்ச்சி அதில் இருக்கும்.

வாங்குவதற்கு முன் ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். சென்னை வடபழனி, கோடம்பாக்கம் பக்கம் எல்லா மாடலும் கிடைக்கும். நண்பகல் ஒரு மணிக்கு உங்கள் வீட்டு மொட்டை மாடியில், வேலையில் பயன்படுத்தப்போகும் அதே கோடெக், அதே கார்டு, யூஎஸ்பி-சி பவர் பேங்க் இணைப்போடு, அது தானே அணையும்வரை ஓடவிடுங்கள். அணைந்தால் நேரத்தைக் குறித்துக்கொண்டு, மீண்டும் பதிவுக்குத் தயாராக எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதையும் குறியுங்கள். இரண்டாவது எண்தான் முக்கியம். மறுநாள் மாலை அதே மாடியில், மலையைப் பார்த்து, ஐந்தரை முதல் ஆறே கால்வரை ஒரே ஷாட் எடுத்துப் பெரிய திரையில் போட்டுப் பாருங்கள்.