இரவல் பாட்டு வேண்டாம்

தொலைக்காட்சி நாடகத்திற்குப் பாட்டு வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்பேன். ஆனால் அது அந்நாடகத்திற்கென்றே பிறந்த பாட்டாக இருத்தல் வேண்டும்.

1990-களின் தொடக்கத்தில் தூர்தர்ஷனில் வந்தது கே. பாலசந்தரின் 'ரயில் சினேகம்'. அதில் வி. எஸ். நரசிம்மன் இசையமைத்த வீணைப் பாட்டு ஒன்று உண்டு. பாடியவர் சித்ரா; நம் வித்துராவை அடுத்த திருவனந்தபுரத்தில் பிறந்தவர். பெற்ற பிள்ளையிடமும் சொல்லவொண்ணாத உண்மையைத் தாயுள்ளம் வீணையின்மேல் வைத்துப் பாடுகிறது. வசனமாக எழுதியிருந்தால் இரண்டு பக்கம் அழுகை வந்திருக்கும்! கதையை மறந்தவர்கூட இன்றும் அப்பாட்டை மறக்கவில்லை.

இக்காலத் தொடர்கள் பலவற்றிலோ, காதலர் கண்கள் கலந்ததும் ஏதேனும் ஒரு திரைப்படப் பாட்டைக் கொணர்ந்து ஒட்டிவிடுகின்றனர். "இனிமையாகத்தானே இருக்கிறது?" என்கிறார்கள் விடுதி நண்பர்கள். இனிமைதான். ஆயினும் கேட்டவுடன் என் கண்முன் வந்து நிற்பவர் அப்படத்தின் நடிகர். தொடரின் நாயகி அல்லள். இரவல் நகை பூண்ட மணப்பெண்ணைக் கண்டால், நகைக்குரியவள் நினைவுதானே வரும்?

ஆயிரம் நாள் ஓடும் தொடருக்கு ஒரு கவிஞரை அமர்த்திச் சொந்தமாக ஒரு பாட்டு ஆக்கிக்கொள்ள முதலாளிகளால் இயலாதா? அதையும் கண்ட இடமெல்லாம் முழங்கவிடாமல், பேச்சு ஓய்ந்த இடத்தில் மட்டும் ஒலிக்க விடட்டும்.