காயத்துக்குச் சாட்சி யார்?



எதிரியின் தாக்குதலில் காயமடைந்த அமெரிக்கப் படைவீரருக்கு வழங்கப்படுவது 'பர்ப்பிள் ஹார்ட்' பதக்கம். யாரும் பரிந்துரைத்துக் கிடைக்கும் வெகுமதியன்று. காயமும் சிகிச்சையும் உறுதியானால் அது வீரரின் உரிமை. ஆனால் அதை உறுதிப்படுத்தும் ஆவணம் யாரிடம் இருக்கிறது? அரசிடம்!

1973 ஜூலையில் செயிண்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் தீப்பிடித்தது. 1912 முதல் 1960 வரை விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோப்புகளில் ஏறக்குறைய 80 விழுக்காடு அழிந்தது. அதன்பின் பதக்கம் கேட்கும் முதியவரிடம் "ஆதாரம் எங்கே?" என்பது நியாயமா? கோப்பைக் காக்கத் தவறியவர், அது இல்லாததையே காரணம் காட்டி மறுக்கக்கூடாது.

தாமதமும் ஒருவகை மறுப்புதான். கறுப்பின வீரர் ஹென்றி ஜான்சன் 1918இல் பிரான்சுப் போர்முனையில் 21 காயங்கள் அடைந்தார். 1929இல் இறந்தார். 1932இல் புத்துயிர் பெற்ற இப்பதக்கம் அவருக்கு 1996இல்தான் வந்தது. நாட்டின் மிக உயர்ந்த வீர விருதோ 2015இல்!

அங்கே உடனிருந்த வீரர்களின் வாக்குமூலமும் ஆதாரமாக ஏற்கப்படுகிறது. மறுக்கப்பட்டால் பதிவுத் திருத்த வாரியத்திடம் முறையிடலாம். ஆனால் சாட்சிகளுக்கும் வயதாகிறது. உங்கள் குடும்பத்தில் படையில் பணியாற்றிய பெரியவர் இருக்கிறாரா? அவர் எந்த நாட்டுப் படையில் இருந்திருந்தாலும், அவருடைய வாக்குமூலத்தை இன்றே சத்தியப் பிரமாணமாகப் பதிவு செய்யுங்கள். நாளை சட்டம் கேட்கப்போவது தழும்பை அல்ல, தாளை.