பாட்டுக்குப் பாட்டு சமமாகட்டும், பாட்டுக்குள் வேண்டாம்

மேஜைக் கணினியில் பாட்டுகளை வரிசையாக ஓடவிட்டுக் கேட்கும் ரசிகர்களுக்குப் பழக்கமான கஷ்டம் ஒன்று உண்டு. பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்த தியாகராஜ பாகவதரின் பாட்டு மெலிதாக ஒலிக்க, அதற்காக வால்யூமைக் கூட்டி வைத்து லயித்திருக்கும் வேளையில், அடுத்து வரும் இக்காலத்துச் சினிமாப் பாட்டு வீட்டையே அதிரச் செய்துவிடுகிறது. உரத்த பாட்டே சட்டென்று கவனத்தைக் கவரும் என்று கருதி, 1990-களிலிருந்து இசை வெளியீட்டாளர்கள் ஒருவரையொருவர் விஞ்சும்படி ஒலியை நெருக்கி உயர்த்தி வந்ததே இதற்கு முக்கிய காரணம்.

பரிகாரமாகக் கணினியில் இரண்டு உபாயங்கள் இருக்கின்றன. இரண்டும் ஒலியைச் சமப்படுத்துவனவே ஆயினும், ஒன்று சங்கீதத்துக்கு உதவுவது, மற்றொன்று அதைக் கெடுப்பது என்பது என் அபிப்பிராயம். விண்டோஸில் உள்ள ‘லவுட்னஸ் ஈக்வலைசேஷன்’ என்னும் வசதி, ஓடிக்கொண்டிருக்கும் ஒலியைக் கணந்தோறும் கவனித்து, மெலிந்த இடத்தை உயர்த்தி உரத்த இடத்தைத் தாழ்த்துகிறது. நள்ளிரவில் படம் பார்ப்பவருக்கு, ரகசியப் பேச்சும் காதில் விழ, சண்டைக் காட்சியும் அண்டை வீட்டாரை எழுப்பாதிருக்க, இது பிரயோஜனமானதே. ஆனால், மந்திர ஸ்தாயியில் மெல்லத் தொடங்கி, படிப்படியாக விஸ்தாரமடைந்து, தார ஷட்ஜத்தில் நின்று நிறைகிற ராக ஆலாபனையை இதன் வழியே கேட்டால், வித்வான் பாடுபட்டு ஏறிய ஏற்றமெல்லாம் சமதரையாகிவிடுகிறது. அவர் மூச்சு வாங்கும் இடைவெளிகளில் தம்புரா அநாவசியமாகப் பொங்கி எழுகிறது.

மற்றொன்று, 2001-ல் டேவிட் ராபின்சன் முன்வைத்த ரீப்ளேகெயின் என்னும் முறை. மிருதங்கத்தின் ஓர் அடி எட்டும் உச்சத்தைக் கொண்டு தீர்மானிக்காமல், பாட்டு முழுவதையும் அளந்து, செவிக்கு அது எவ்வளவு உரத்துப் படுகிறது என்று கணித்து, கூட்டவோ குறைக்கவோ வேண்டிய அளவை மட்டும் கோப்பில் ஒரு குறிப்பாக எழுதிவைக்கிறது. மூல ஒலி தீண்டப்படுவதில்லை. உச்சத்தை விட்டுச் செவிக்குப் படும் உரப்பையே அளக்கும் இந்தக் கொள்கையைத்தான் ஐரோப்பிய ஒலிபரப்பாளர் சங்கமும் 2010-ல் தன் உறுப்பினர்களுக்குப் பரிந்துரைத்தது. ஃபூபார்2000 என்னும் பாட்டு ஓட்டும் செயலி இவ்வாறு அளந்து குறிக்கும். குறித்ததை விஎல்சி என்னும் செயலியும் மதித்து ஓட்ட வல்லது. கச்சேரிப் பதிவுகளுக்கு மட்டும், தொகுப்பு முழுவதற்கும் ஒரே அளவைக் கொள்ளும் ‘ஆல்பம்’ என்ற முறையைத் தேர்ந்துகொள்வது அவசியம். இல்லாவிட்டால் அடக்கமாகப் பாடிய விருத்தமும் தனி ஆவர்த்தனமும் ஒரே உயரத்தில் வந்து நிற்கும்.

பழைய கச்சேரிகளைக் கணினிக் கோப்புகளாக வெளியிடும் நிறுவனங்கள், ஒலியை நெருக்கி உரக்கச் செய்வதை விட்டு, இந்த அளவைக் குறித்தே வெளியிட வேண்டும். ரசிகர்களும் பாட்டுக் கேட்க உட்காரும்போது அந்த விண்டோஸ் வசதியை அணைத்து வைப்பார்களாக.