யார் வீட்டுத் தண்ணீர்?

கிழக்கா, மேற்கா? கோட்டும் தொப்பியுமா, குடுமியும் பூணூலுமா? இப்படித் தடுமாறும் வாலிபன் கடைசியில் தன்னை அறிந்துகொள்வதாக எத்தனையோ நாவல்கள் வந்துள்ளன. மில்லில் ராத்திரி ஷிப்டு பார்ப்பவருக்கும் வயலில் நாற்று நடுபவருக்கும் இதில் என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1910-ல் நூலாக வெளிவந்த ரவீந்திரநாத் தாகூரின் ‘கோரா’ என்ற வங்க நாவலில் அதற்குப் பதில் இருக்கிறது.

கோரா கல்கத்தா வாலிபன். வெள்ளையர் நம்மை இகழ்கிறார்களே என்ற ரோஷத்தில் பழைய ஆசாரங்களையெல்லாம் இறுகப் பற்றிக்கொள்கிறான். கிறிஸ்தவ வேலைக்காரி லச்மியா புழங்குகிறாள் என்பதற்காக, தாய் ஆனந்தமயியின் அறையில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான்!

பிறகு அவன் கிராமங்களுக்கு நடந்து போகிறான். அங்கே அவுரித் தோட்டத் துரைமாரின் கொடுமை. எதிர்த்து நின்ற முஸ்லிம் குடியானவர் சிறையில் கிடக்கிறார். அவருடைய பிள்ளையை ஓர் ஏழை இந்து நாவிதர் தம் வீட்டில் வைத்து வளர்க்கிறார். ஆசாரப்படி அந்த வீட்டில் கோரா தண்ணீர் குடிக்கலாகாது. சற்றுத் தொலைவில் பிராமண தாசில்தார் வீடு இருக்கிறது. ஆனால் அவனோ துரைமாரின் கையாள், குடிகளை வதைப்பவன். ஏழையை நசுக்குகிறவன் வீட்டுச் சோறு சுத்தம், அநாதையைக் காப்பவன் வீட்டுத் தண்ணீர் தீட்டா? கோரா நாவிதர் வீட்டுக்கே திரும்புகிறான்.

கடைசியில் உண்மை வெளிப்படுகிறது. அவன் ஐரிஷ்காரர் பிள்ளை! தகப்பன் 1857 கிளர்ச்சியில் மாண்டவன். அடைக்கலம் புகுந்த இடத்தில் பெற்றவளும் இறந்தாள். ஆனந்தமயி வளர்த்த தாய். குலமும் ஆசாரமும் ஒரே நாளில் உதிர்ந்தன. அவன் அழுது புலம்பவில்லை. இனித்தான் நான் இந்தியன் என்கிறான். ஆனந்தமயியிடம் போய், லச்மியா கையால் தண்ணீர் கேட்கிறான்.

குறையும் உண்டு. நாவிதரும் குடியானவர்களும் கதையின் ஓரத்திலேயே நின்றுவிடுகிறார்கள். பேச்செல்லாம் கல்கத்தாப் படிப்பாளிகளின் கூடங்களில்தான் நடக்கிறது. ஆயினும் ஒன்றை தாகூர் தெளிவாகக் காட்டிவிட்டார். மனிதன் யார் என்பதைப் பிறப்பு சொல்லாது. அவன் யார் பக்கம் நிற்கிறான் என்பதே சொல்லும்.

டீக்கடையில் தனிக் குவளை நீட்டப்பட்டவர்கள் நம்மிலே இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தத் தண்ணீரின் அருமையை விளக்க வேண்டியதில்லை. ‘கோரா’ தமிழிலும் பெயர்க்கப்பட்டிருக்கிறது. சங்க ஆபீசில் ஒருவர் படிக்க, மற்றவர்கள் கூடியிருந்து கேட்கட்டும்!