வலியை மறைக்க வேண்டாம்

பிரேசிலிய ஜியு ஜிட்சு மற்போரில் மூட்டு பூட்டப்பட்டவர் எதிராளியின் உடலையோ தரையையோ கையால் தட்டுவார். பிடி உடனே தளரும். கைகள் சிக்கியிருந்தால் வாயால் சொன்னாலும் போதும். வீம்புக்குத் தட்டாதிருப்பவர் மூட்டுக் காயத்தால் மாதக்கணக்கில் பயிற்சியை இழக்க நேரும்.

முழங்கால் அறுவைக்குப்பின் இயன்முறைப் பயிற்சி செய்வோருக்கும் இவ்வழக்கம் தேவை என்பது என் கருத்து. தசை இழுபடும் சிறு வலி இயல்பே. குத்தும் வலி எழுந்தால் நிறுத்தி, இயன்முறை மருத்துவரிடம் கூறுங்கள். “பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள், அப்பா” என்னும் பிள்ளைகளே, அன்புதான், ஆயினும் வேண்டாம்.

நம் மதுரைப் பக்கத்துச் சிலம்பத்திலும் கம்பு சுழற்றுமுன் காலடிப் பயிற்சியே நாள்தோறும் நடைபெறும். அதுபோல் மருத்துவர் குறித்த எண்ணிக்கையை அன்றன்றே செய்யுங்கள். விட்ட நாள்களுக்கும் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை செய்ய வேண்டாம்.